பதினான்கு சுற்று

சத்தம் நின்ற பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

சாயப்பட்டறையில் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. எல்லோரும் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வோம். அன்று முற்பகலில் கரண்ட் போனது. துணி சுற்றும் விஞ்சுகள் தொட்டிகளின் மேல் சோம்பலாக இரண்டு சுற்று சுற்றி அடங்கின. தகரக் கூரையில் தூறல் விழும் ஓசை கேட்டது. அதற்குள்ளிருந்து இன்னொரு சத்தம். ஓர் ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் முனகுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். அந்தோணி அண்ணன் பிழியும் மெஷினின் முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். வலது கை இரண்டு உருளைகளுக்கும் நடுவில் இருந்தது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே வரை உள்ளே. அதைச் சுற்றி ஈரமான கருநீலத் துணி முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஏ தாராபுரம்," என்று வழக்கம்போல என் ஊர்ப் பெயரால் என்னைக் கூப்பிட்டார். "ஓடியா."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஓடினேன்.

வாளிகள்

திருப்பூரை விட்டு ஏன் திடீரென்று கிளம்பினீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். இந்தத் தொடரில் போன வாரம் அதைச் சொல்லாமலே கரூருக்குத் தாவிவிட்டேன். சொல்ல மனம் வராததால்தான் தாவினேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டறை அவிநாசிபாளையம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டுக்கு நடுவில் இருந்தது. முதலாளி பொன்னுச்சாமி. அப்பன் காலத்துக் காட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலுக்கு வந்தவர். எங்களோடு சேர்ந்து துணி சுமப்பார். ஜெனரேட்டர் வாங்கும் அளவுக்குப் பெரிய இடம் இல்லை. காய வைக்கும் மெஷினும் கிடையாது. சாயம் ஏறிய துணியைப் பிழிந்து, வெளியில் கம்பி கட்டி வெயிலில் போடுவோம்.

பிழியும் மெஷின் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். கீழ் உருளையை மோட்டார் சுற்றும். மேல் உருளை அதன்மேல் அழுந்திக்கொண்டு கூடவே சுற்றும். ஈரத்துணி முன்பக்கம் நுழைந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பின்பக்கம் வரும். முன்னால் நின்று துணியை விடுவது அந்தோணி அண்ணன். பின்னால் வாங்கி மடித்து அடுக்குவது அவர் மனைவி புஷ்பம் அக்கா. இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். துணியைக் கம்பிக்குத் தூக்கிப் போவது நான்.

மேல் உருளையை அழுத்துவதற்கு இரண்டு பக்கமும் நாலடி நீளத்தில் இரும்புப் பட்டைகள் இருந்தன. பட்டையின் ஒரு முனை சட்டத்தோடு ஆணியில் மாட்டியிருக்கும். அந்த ஆணியிலிருந்து அரையடி தள்ளி, உருளையின் பேரிங் மேல் பட்டை உட்கார்ந்திருக்கும். மறுமுனைப் பக்கம் எடைக்கல் தொங்கும். முனையில் ஒரு கிலோ தொங்கினால் உருளையின்மேல் எட்டுக் கிலோ இறங்கும். இந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரியாது. தள்ளிக் கட்டினால் அழுத்தம் கூடும் என்பது மட்டும் கைக்குத் தெரியும்.

ஐப்பசி அடைமழை. நாலு நாளாக வெயில் இல்லை. கம்பியில் போட்ட துணி காயாமல் புளித்த வாடை அடித்தது. இப்படிப்பட்ட நாட்களில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. சாயப் பவுடர் வந்த வாளியில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி இறுக விட்டு, அதைக் கூடுதல் எடையாகப் பட்டையில் கட்டிவிடுவார்கள். துணி நன்றாகப் பிழிந்து வரும். காய்கிற நேரம் பாதியாகும். ஒரு வாளி இருபது கிலோ இருக்கும்.

அன்று காலை இரண்டு வாளிகளையும் கட்டுக்கம்பியால் கட்டியது நான்.

"என்னத்துக்குலே முனையில கெட்டுத?" என்றார் அந்தோணி அண்ணன். "உள்ள தள்ளிக் கெட்டு. பாதியில."

"பாதியில கட்டுனா வழுக்கிட்டு வருதுங்ண்ணா. முனையிலதான் பள்ளம் இருக்குது."

"அதுக்கு நாலு சுத்து கூடச் சுத்தணும். ஒனக்குச் சோம்பேறித்தனம்லா."

"சீக்கிரம் காஞ்சா எனக்குத்தானுங்ளே நல்லது. சொமக்கறவனுக்குத் தெரியும் தண்ணியோட கனம்."

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நானும் சிரித்தேன். வாளிகள் முனையிலேயே தொங்கின.

கடப்பாரைப் பழக்கம்

கை எப்படி உள்ளே போனது என்று கேட்பீர்கள். ஒரு துணி முடிந்து அடுத்த துணி வரும் இடத்தில் இரண்டையும் முடிச்சுப் போட்டு விடுவோம். முடிச்சு உருளைக்கு வரும்போது அதைக் கையால் தட்டித் தட்டையாக்கி விட வேண்டும். எல்லோரும் செய்வதுதான். துணி விரலில் சுற்றிக்கொண்டால் இறுகப் பிடித்து இழுப்போம். உருளை துணியை வழுக்க விட்டுவிடும். அந்த ஒரு நொடியில் கையை எடுத்துக்கொள்ளலாம்.

அன்று உருளை வழுக்கவில்லை. வாளிகள் வழுக்க விடவில்லை. நனைந்த பனியன் துணி கிழியவும் கிழியாது. கயிறு மாதிரி மணிக்கட்டில் இறுகிக் கையை இழுத்துக்கொண்டு போனது. மணிக்கட்டு தாண்டியபோது கரண்ட் போனது. யாரும் நிறுத்தவில்லை, தானாகப் போனது. இன்னும் நாலு நொடி இருந்திருந்தால் முழங்கை போயிருக்கும்.

முதலாளி தொட்டிப் பக்கமிருந்து ஓடி வந்தார். கை இருந்த இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"முருகா, முருகா… பொறுத்துக்க சாமி, பொறுத்துக்க. இப்பத் தூக்கிப் போடறன்."

சொல்லிக்கொண்டே பட்டையின் முனையைப் பிடித்துத் தன் உடம்பு முழுவதையும் போட்டுக் கீழே அழுத்தினார்.

அந்தோணி அண்ணன் அப்போதுதான் முதல்முறையாக அலறினார்.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். காட்டில் பிறந்து வளர்ந்தவர். கல்லைப் பெயர்க்க வேண்டுமென்றால் கடப்பாரையைச் செருகிக் கீழே அழுத்துவார்கள், கல் மேலே வரும். அவருடைய கைக்குத் தெரிந்தது அதுதான். கடப்பாரைக்கு ஊன்றும் இடம் நடுவில் இருக்கும். இந்தப் பட்டைக்கோ அது ஒரு கோடியில், உருளை நடுவில். முனையைக் கீழே அழுத்தினால் உருளையும் கீழே அழுந்தும். அறுபது கிலோ மனுஷன் தன் எடையை எட்டு மடங்காக்கி அந்தக் கையின் மேல் வைத்துவிட்டார்.

ஏழாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் அளவுகோலைப் பென்சிலின் மேல் வைத்து நெம்புகோல் பாடம் நடத்தினார். நெம்புகோலில் மூன்று வகை என்றார். முதல் வகையை அன்று நடத்தினார். இரண்டாவது வகை நடத்திய நாளில் நான் திண்டுக்கல் பஸ்ஸில் இருந்தேன். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

"விடுங்ணா! மேல தூக்கணுமுங்க!" என்று கத்தினேன். முதலாளி சூடு பட்டவர் போலக் கையை எடுத்தார். குறடு கொண்டுவந்து இரண்டு வாளிகளின் கம்பியையும் வெட்டினேன். முதல் வாளி என் காலுக்குப் பக்கத்தில் விழுந்து தரையில் குழி பறித்தது. எடைக்கற்களையும் கழற்றிப் பட்டைகளைத் தூக்கிப் பின்னால் சாய்த்தோம்.

அழுத்தம் போனது. உருளை போகவில்லை. பட்டை உருளையை அழுத்துமே தவிரத் தூக்காது. மேல் உருளை மட்டுமே இரண்டு ஆள் கனம். சட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்திருந்ததால் பிடித்துத் தூக்க இடமில்லை. கடப்பாரையை நடுவில் விடலாம் என்றார் முதலாளி. நடுவில் கை இருந்தது.

கரும்புச்சாறு

இங்கே நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் புரிந்துகொள்ளத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் அங்கே ஒரு கரும்புச்சாறு வண்டியில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தேன். வெயில் காலம் முழுக்க அதுதான் வேலை. பெரிய சக்கரத்தின் தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது ஒரு பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். நான் நாலு சுற்று சுற்றினால் உருளை ஒரு சுற்று சுற்றும். என் வேகத்தில் நாலில் ஒரு பங்குதான் உருளைக்குப் போகும், ஆனால் என் பலம் நாலு மடங்காகப் போகும். அரை வயிறு சாப்பிட்ட நான் முற்றிய கரும்பைச் சக்கையாக்கியது அப்படித்தான். பொழுது சாயும்போது உள்ளங்கையில் தோல் உரிந்து, கரும்புப் பால் பட்டு எரியும்.

அந்த வண்டியில் கரும்பு கோணலாக மாட்டிக்கொண்டால் சக்கரத்தைப் பின்னால் சுற்றி எடுப்போம். சில சமயம் கரும்பின் வாலைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தால், உருளை பின்னால் சுழன்று, அதோடு கைச்சக்கரமும் தானாகச் சுற்றும். எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினாலும் பல்சக்கரம் சுழலும் என்று என் புத்தியில் ஏறியிருந்தது அங்கேதான்.

அதனால் பட்டறையின் பெரிய பைப் ரெஞ்சைத் தூக்கி வந்தேன். கீழ் உருளையின் தண்டு ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ரெஞ்சைக் கவ்வவிட்டு, கைப்பிடியில் ஆறடிக் குழாயைச் செருகினேன். நீளம் கூடினால் பலம் கூடும். நானும் முதலாளியும் விஞ்சில் வேலை செய்த ஒரு பீகார்க்காரரும் சேர்ந்து தொங்கினோம்.

உருளை கொஞ்சம் பின்னால் வந்தது.

"வருது! வருது!" என்று கத்தினேன்.

அரை விரற்கடை வந்து நின்றது. சுவரில் முட்டியது போல. மூன்று பேர் தொங்கியும் அசையவில்லை. குழாய் வில்லாக வளைந்தது. ரெஞ்சு வழுக்கி விட்டது. உருளை வந்த அரை விரற்கடையும் திரும்பி உள்ளே போனது, கையோடு.

அந்தோணி அண்ணனின் கால் மடங்கியது. முதலாளி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விழுந்திருந்தால் உடம்பின் கனம் முழுவதும் அந்த மணிக்கட்டில் தொங்கியிருக்கும்.

"இன்னொரு வாட்டி! போடுங்க!" என்றேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"போடாதலே!"

அந்தோணி அண்ணன்தான் சொன்னார். முகத்தில் வியர்வை ஓடியது. உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனால் கண் மோட்டார் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அங்கன இருந்து வராதுலே. எத்தன பேரு தொங்குனாலும் வராது. கியர் பாக்ஸ் விடாது. மோட்டாரு பக்கம் போ. புல்லியச் சுத்து."

வலைக்குள் ஒரு கை

மெஷினுக்குப் பின்பக்கம் மோட்டார். அதிலிருந்து பெல்ட் வழியாக ஒரு புல்லி சுற்றும். புல்லியின் தண்டு கியர் பெட்டிக்குள் போகும். கியர் பெட்டியிலிருந்து நேராக உருளை. அந்தப் பெட்டியை நான் தினமும் துடைத்திருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்ததில்லை.

உள்ளே திருகாணி மாதிரி ஒரு தண்டு இருந்தது. அது ஒரு பல்சக்கரத்தோடு உரசிக்கொண்டிருக்கும். திருகாணி ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். சக்கரத்துக்கு நாற்பது பற்கள். புல்லி நாற்பது சுற்றுச் சுற்றினால் உருளை ஒரு சுற்றுச் சுற்றும். திருகாணி சக்கரத்தைத் தள்ளும், சக்கரம் திருகாணியைத் தள்ள முடியாது. லாரி ஜாக்கி மேலே எத்தனை டன் உட்கார்ந்தாலும் தானாக இறங்காமல் நிற்பதும் இப்படித்தான். கரண்ட் போன அடுத்த கணமே உருளை ஆடாமல் அசையாமல் நின்று முழங்கையைக் காப்பாற்றியது அந்தத் திருகாணி. மூன்று பேர் தொங்கியும் விடாமல் பிடித்ததும் அதே திருகாணிதான். இதெல்லாம் பின்னால் மெக்கானிக் ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டித் தெரிந்துகொண்டது. அந்தோணி அண்ணனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஊரில் உப்பளத்தில் பம்புகளுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாராம்.

புல்லியை மூடி ஒரு கம்பி வலை இருந்தது. யாருடைய கையும் போய்விடக் கூடாதென்று முதலாளி வெல்டு வைத்து மூடியிருந்தார். நான் கையை நுழைத்துப் பார்த்தேன். முழங்கையில் முட்டியது. முதலாளி வெட்டும் மெஷினைத் தேடி ஓடப் பார்த்தார். கரண்ட் இல்லை என்பது அவருக்கு மறந்துவிட்டது.

"தம்பி, தள்ளு," என்றார் புஷ்பம் அக்கா.

வளையலைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, வலையின் ஓரத்து இடுக்கில் கையை விட்டார். தோள்வரை உள்ளே போனது. கன்னம் வலையில் அழுந்தியது.

"புல்லி கெடச்சிட்டு. எந்தப் பக்கம் சுத்த?"

யாருக்கும் தெரியவில்லை. தவறான பக்கம் சுற்றினால் கை உள்ளே போகும்.

"சும்ம ஒரு சுத்து சுத்து," என்றார் அந்தோணி அண்ணன். "ஒரு சுத்துக்கு ஒரு வெரக்கடதான் போவும். நான் சொல்லுதேன்."

அக்கா சுற்றினார். மூன்று ஆண்கள் குழாயில் தொங்கி அசைக்க முடியாத உருளை, சத்தமில்லாமல் நகர்ந்தது.

"உள்ள… உள்ள போவுது. மாத்து."

அக்கா கையை மாற்றினார். உருளை நின்றது. பின்னால் திரும்பியது.

"வருது," என்றார் அந்தோணி அண்ணன். "எண்ணுட்டி. எண்ணிட்டே சுத்து. எனக்குக் கணக்குத் தெரியணும்."

"ஒண்ணு."

கையைச் சுற்றியிருந்த துணியின் முறுக்கு ஒரு விரற்கடை வெளியே வந்தது.

"ரெண்டு."

தீக்குச்சி

மூன்று என்று அவர் சொல்லும்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத வருடங்கள் அவை. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகும். கரண்ட் போனால் மோட்டாரின் ஸ்டார்ட்டர் தானாக விழுந்துவிடும். திரும்ப வரும்போது ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். கையெல்லாம் சாயமும் ஈரமுமாக நிற்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வேலை செய்வோம். பச்சைப் பொத்தானை அழுத்தி, அதன் ஓரத்தில் இரண்டு தீக்குச்சிகளைச் செருகிவிடுவோம். பொத்தான் வெளியே வராது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கும்.

மெஷின் செத்துக் கிடந்ததால் எல்லோரும் அதை நிறுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டோம். யாரும் நிறுத்தவில்லை.

கரண்ட் வந்தால் உருளை அந்தோணி அண்ணனின் கையை மறுபடி உள்ளே இழுக்கும். பெல்ட் புஷ்பம் அக்காவின் கையைப் புல்லிக்குள் இழுக்கும். உருளையாவது மெதுவாகச் சுற்றும். புல்லி அதைவிட நாற்பது மடங்கு வேகம்.

"அக்கா, கையெடுங்க! சுச்சு போட்டபடியே இருக்குதுங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். வலையின் கம்பி கன்னத்தில் பதிந்திருந்தது.

"நீ போயி அணை," என்றார். "நாலு."

ஸ்டார்ட்டர் பெட்டி கொட்டகையின் மறுகோடியில், பாய்லர் சுவரில் இருந்தது. தரை முழுக்கச் சாயத் தண்ணீர். இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். ஒரு தடவை தொட்டியின் விளிம்பில் முட்டி இடித்தது. பின்னால் "அஞ்சு" கேட்டது. "ஆறு" கேட்டது. இதற்குமுன் அந்தக் கொட்டகை அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

தீக்குச்சியை உருவ நேரமில்லை. பக்கத்தில் மெயின் சுவிட்சின் கைப்பிடி துருப்பிடித்துப் போயிருந்தது. ஒரு கையால் இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். டொக்கென்று இறங்கியது.

திரும்பி நடந்து வரும்போது சோளக்காட்டுக்கு அந்தப் பக்கமிருந்த நிட்டிங் கம்பெனியில் மெஷின்கள் இரைய ஆரம்பித்தன. கரண்ட் வந்துவிட்டது.

எங்கள் கொட்டகை மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது.

"ஒம்பது," என்றார் அக்கா.

முதலாளிக்கும் அந்த இரைச்சல் கேட்டது. தீக்குச்சிகள் அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அந்தோணி அண்ணனின் இடுப்பை இன்னும் இறுகக் கட்டிக்கொண்டார்.

பதினொன்றில் உள்ளங்கை முழுவதும் வெளியே வந்தது. பன்னிரண்டில் விரல்களின் நடுக்கணு. அந்தோணி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். "பாக்காத, சுத்து," என்றார். அக்காவுக்கு அங்கிருந்து எதுவும் தெரியாது என்பதை அவர் மறந்துவிட்டார்.

பதினான்காவது சுற்றில் கை வெளியே வந்தது. கருநீலத் துணியோடு சேர்த்து அப்படியே அள்ளி, முதலாளியின் வேனில் ஏற்றினோம். துணியின் நிறத்தில் ரத்தம் தெரியவில்லை. வேனின் இருக்கையில்தான் தெரிந்தது.

யாரும் கேட்கவில்லை

ரப்பர் உருளை என்பதால் கை மிஞ்சியது, இரும்பாக இருந்தால் மாவாகியிருக்கும் என்றார் டாக்டர். உள்ளங்கையில் எலும்புகள் உடைந்திருந்தன. விரல்களை எடுக்க வேண்டியதில்லை, ஆனால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பி, இரண்டு வாளிகளையும் ஒவ்வொன்றாக உருட்டிக் கொண்டுபோய்க் காட்டின் பழைய கிணற்றில் தள்ளினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் முதலாளி, "ஆளு கொஞ்சம் அசந்துட்டானுங்க. வேறொண்ணும் இல்லீங்க," என்றார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் புஷ்பம் அக்கா, "நீ மட்டும் சுச்ச அணைக்கலன்னா…" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தோணி அண்ணன் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கரூர் பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் போன வாரம் படித்தீர்கள்.

கத்தரி

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அட்டைப்பெட்டி லாரியில் லோடுமேனாகப் பெருமாநல்லூருக்குப் போனேன். ஒரு பனியன் கம்பெனியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, கட்டிங் மேசையில் அந்தோணி அண்ணனைப் பார்த்தேன்.

எட்டு மடிப்புத் துணியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கையால்.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தலையில் பெட்டி இருந்தது.

"ஏ தாராபுரம்! இன்னும் சொமக்கியா?"

பக்கத்தில் போனேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் குச்சி போல நீட்டிக்கொண்டே இருந்தன. அவருடைய கத்தரி வேறு மாதிரி இருந்தது. பிடி இரண்டும் வழக்கத்தைவிட ஒரு சாண் நீளம். லேத் பட்டறையில் கொடுத்து ஒட்டு வைத்து நீட்டியிருந்தார். கீழ்ப்பிடியை மேசையில் ஊன்றி, மேல்பிடியின் கோடியை உள்ளங்கையால் அழுத்தினார். துணி வெண்ணெயாக அறுந்தது.

"பிடிக்கச் சத்து பத்தல. அதான் நீட்டிட்டேன். புடிச்சுப் பாரு."

வாங்கினேன். பழக்கத்தில் அலகுக்குப் பக்கத்தில் பிடித்து அழுத்தினேன். எட்டு மடிப்பில் மூன்றுகூட வெட்டுப்படவில்லை.

"முனையில புடிலே," என்றார்.

கையைக் கோடிக்கு நகர்த்தினேன். கத்தரி தானாக மூடிக்கொண்டது போல இருந்தது. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். முகத்தில் வேறெதுவும் இல்லை. கத்தரியை மேசைமேல் வைத்தேன்.

"அண்ணா, அன்னைக்கு வாளிய முனையில கட்டுனது நாந்தானுங்க."

"தெரியும்லா. உள்ள தள்ளிக் கெட்டச் சொன்னவனே நான்தானே."

"எதுக்குங்ண்ணா யாருகிட்டயும் சொல்லல?"

துணியின் ஓரத்தைச் சரிசெய்தார். அடுத்த வரியில் கத்தரியை வைத்தார்.

"நீயே சொல்லட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள பஸ் ஏறிட்ட," என்றார். "அவளுக்கு இன்னும் தெரியாது. செக்கிங்ல இருக்கா. இப்போ டீ டைம்தான்."

வாசலில் வேப்பமரத்தடியில் புஷ்பம் அக்கா இன்னும் இரண்டு பெண்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கேனிலிருந்து ஒரு டம்ளர் டீ பிடித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வாழ்க்கையில் எத்தனையோ ஹாரனுக்கு ஓடியிருக்கிறேன். அன்று நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் உள்ளே தள்ளிக் கட்டச் சொன்னது, நான் சிரித்தது, வாளிகள் கிடக்கும் கிணறு வரைக்கும்.

பதினான்கு எண்ணி முடிக்கும் நேரம் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரன் மறுபடி அடித்தது.

"ஆறிப் போச்சு," என்றார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி டீயை மண்ணில் ஊற்றினார். கொஞ்ச நேரம் காலி டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கேனைச் சாய்த்து மறுபடி நிரப்பி, என் கையில் கொடுக்காமல் பக்கத்தில் இருந்த கல்லின்மேல் வைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனார்.

நானே குனிந்து எடுத்துக் குடித்தேன்.